ஐன்ஸ்டீன்–பெஸ்ஸோ கையெழுத்துப் பிரதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 நவம்பர் 23 அன்று பாரிஸில் நடந்த ஏலத்தில், பழுப்பேறிய கணக்குத் தாள்களின் கட்டு ஒன்று 1 கோடியே 16 லட்சம் யூரோவுக்கு விலைபோனது. அன்றைய கணக்கில் நூறு கோடி ரூபாய்க்குக் கொஞ்சம்தான் குறைவு. ஐன்ஸ்டீன் எழுதியது என்றதும் எல்லோரும் தலைப்பைப் படித்தார்கள். ஆனால் அதில் என்ன இருக்கிறது, யார் யார் கையில் இருந்தது, விற்றவர் யார் என்பதெல்லாம் அரைகுறையாகவே பரவின. சிலர் அதை "சார்பியல் கோட்பாட்டின் மூலப்பிரதி" என்றே எழுதிவிட்டார்கள். அது அப்படி இல்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்லப் பார்க்கிறேன்.

இந்தக் கைப்பிரதியில் என்னதான் இருக்கிறது?

மொத்தம் 54 பக்கம். 26 பக்கம் ஐன்ஸ்டீன் கையெழுத்து, 25 பக்கம் அவருடைய நண்பர் மிஷேல் பெஸ்ஸோவின் கையெழுத்து, மீதி மூன்றில் இருவர் கையும் கலந்திருக்கிறது. பெரும்பகுதி 1913 ஜூனில் சூரிச் நகரில் எழுதியது. சில பக்கங்கள் 1914 தொடக்கம்வரை பிற்பாடு சேர்ந்தவை.

இது கட்டுரை இல்லை, அச்சுக்கு அனுப்பிய பிரதியும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்த தாள்கள். ஐன்ஸ்டீனின் பக்கங்களில் சமன்பாட்டுக்குக் கீழ் சமன்பாடு ஓடும், வார்த்தை அபூர்வம். பெஸ்ஸோவின் பக்கங்களில் விளக்கமும் கேள்விகளும் கூடுதல். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்துத் தொடர்கிறார். அடித்தல் திருத்தல் தாராளமாக உண்டு.

பெஸ்ஸோ யார்? இயற்பியலாளரா?

பொறியாளர். 1873இல் சூரிச் அருகே பிறந்தவர், இத்தாலியப் பின்னணி கொண்ட யூதக் குடும்பம், ஐன்ஸ்டீனைவிட ஆறு வயது மூத்தவர். மாணவப் பருவத்தில் சூரிச்சில் ஓர் இசை மாலையில் இருவரும் அறிமுகமானார்கள். 1904இல் பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் பெஸ்ஸோவும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஐன்ஸ்டீன் ஏற்கனவே இரண்டு ஆண்டுகளாக இருந்தார். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் இயற்பியல் பேச்சுத்தான்.

1905இல் வந்த சிறப்புச் சார்பியல் கட்டுரையில் மேற்கோள் பட்டியல் கிடையாது. கடைசியில் ஒரே ஒருவருக்கு நன்றி சொல்லியிருக்கிறது: நண்பரும் சக ஊழியருமான பெஸ்ஸோவுக்கு. உறவும் உண்டு. ஐன்ஸ்டீன் ஆராவ் ஊரில் பள்ளியில் படித்தபோது தங்கியிருந்த வின்டெலர் வீட்டின் மகள் அன்னாவைத்தான் பெஸ்ஸோ மணந்தார். அதே வீட்டு மகன் பாலை ஐன்ஸ்டீனின் தங்கை மாயா மணந்தார். ஆக, இவர்கள் ஒருவகையில் சம்பந்தி வட்டம்.

இதில் ஐன்ஸ்டீனின் முதல் மனைவி மிலேவாவின் கையெழுத்து உண்டா?

இல்லை. இரண்டே கைகள்தான், இரண்டும் ஆண்கள்.

அவர்கள் போட்ட கணக்கு எதைப் பற்றியது?

புதன் கோளின் பாதையைப் பற்றியது. புதன் சூரியனை நீள்வட்டமாகச் சுற்றுகிறது. அந்த வட்டத்தில் சூரியனுக்கு மிக அருகில் வரும் புள்ளி ஒரே இடத்தில் நிற்காமல் மெல்ல நகர்கிறது. பூமியிலிருந்து பார்த்தால் நூறு ஆண்டுக்குச் சுமார் 5600 கோண விநாடி. ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு கோண விநாடி. இந்த 5600இல் பெரும்பகுதி பூமியின் அச்சு தள்ளாடுவதால் வருவது, சுமார் 530 மற்றக் கோள்களின் இழுப்பால் வருவது. இரண்டையும் கழித்த பின்னும் 43 மிச்சம் நின்றது. அந்த 43க்கு நியூட்டனின் விதியில் கணக்கு இல்லை.

43 எவ்வளவு சின்னது என்றால், அதை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் புள்ளி ஒரு முழுச்சுற்று வர 30 லட்சம் ஆண்டு பிடிக்கும். ஆனாலும் வானியலாளர்கள் அதை விடவில்லை. இந்த முரண்பாட்டை 1859இல் முதலில் சொன்னவர் பாரிஸின் லெவெரியே. கணக்கை வைத்தே நெப்டியூன் இருக்குமிடத்தைச் சொன்னவர் அவர்தான். அதே பாணியில், புதனுக்கும் சூரியனுக்கும் நடுவில் இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. தேடித் தேடி அலுத்துப்போனார்கள், கோள் அகப்படவில்லை.

1913இல் ஐன்ஸ்டீன், தன் வகுப்புத்தோழர் மார்செல் க்ரோஸ்மானுடன் சேர்ந்து ஈர்ப்புக்கு ஒரு புதிய கோட்பாட்டின் வரைவை வெளியிட்டார். பொதுச் சார்பியலுக்கு முந்தைய படி அது. அந்த வரைவு இந்த 43ஐத் தருகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் பெஸ்ஸோவும் அவரும் உட்கார்ந்தார்கள்.

தந்ததா?

தரவில்லை. 18தான் வந்தது. அதுவும் நேராக வரவில்லை.

முதலில் வந்த எண் 1821. அதாவது அரை டிகிரி, ஏறக்குறைய முழு நிலவின் அகலம். தேவையான அளவைவிட நாற்பது மடங்குக்கும் மேல். அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே "தனியாகச் சரிபார்த்தாயிற்று" என்று ஐன்ஸ்டீன் கையால் ஒரு குறிப்பு இருக்கிறது. பிழை எங்கே என்றால், சூரியனின் நிறையில் பத்து மடங்கு தப்பாகப் போட்டிருந்தார்கள். விடையில் அது நூறு மடங்காகப் பெருகிவிட்டது. பிற்பாடு அது பிடிபட்டு, நூறால் வகுத்ததும் 18 ஆனது. கணக்கு வாத்தியாரிடம் அடி வாங்கிய யாருக்கும் இந்தப் பக்கத்தைப் பார்த்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இன்னொரு பக்கம் இதைவிடச் சுவாரசியமானது. சுழலும் அமைப்பிலிருந்து பார்த்தாலும் தன் சமன்பாடுகள் பொருந்துகின்றனவா என்று ஐன்ஸ்டீன் அங்கே சோதிக்கிறார். கணக்கின் முடிவில் ஜெர்மன் மொழியில் ஒரே சொல்: "சரி". ஆனால் அது சரியில்லை. இடையில் ஒரு பிழை விழுந்திருந்தது. அந்தச் "சரி"யை நம்பிக்கொண்டே இரண்டு ஆண்டுக்கு மேல் அவர் அந்தக் கோட்பாட்டைத் தூக்கிப்பிடித்தார். 1915 செப்டம்பரில்தான் உண்மை உறைத்தது.

பெஸ்ஸோவுக்கு அந்தச் சந்தேகம் முன்பே வந்திருக்கலாம். 1913 ஆகஸ்ட் 28 என்று தேதியிட்ட அவருடைய குறிப்பு ஒன்று 1998இல் அவருடைய பழைய தாள்களுக்கிடையே அகப்பட்டது. சுழலும் அமைப்புக்கு இந்தச் சமன்பாடுகள் ஒத்துவரவில்லை என்பது அதில் பேசப்படுகிறது. அந்தக் குறிப்பு ஏலம்போன இந்த 54 பக்கத்தில் சேராது, அது தனி.

விடையே தப்பு என்றால் எதற்கு இவ்வளவு மதிப்பு?

அதனால்தான் மதிப்பு என்பேன். வெளியான கட்டுரைகளில் முடிவு மட்டும்தான் இருக்கும், வழி தெரியாது. பொதுச் சார்பியல் உருவான காலத்து வேலைத் தாள்களில் இன்று மிஞ்சியிருப்பவை முக்கியமாக இரண்டே தொகுப்பு. ஒன்று 1912–13 காலத்துச் சூரிச் குறிப்பேடு, அது ஜெருசலேமில் ஐன்ஸ்டீன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மற்றது இது.

அப்புறம், இந்தக் கணக்கு வீணாகவும் போகவில்லை. 1915 நவம்பரில் புதிய சமன்பாடுகள் கைக்கு வந்தபோது, கணக்குப் போடும் முறை தயாராக இருந்தது. பெஸ்ஸோவுடன் கற்றுக்கொண்ட அதே படிகளில் புதிய சமன்பாட்டைப் போட்டார், 43 வந்து நின்றது. நவம்பர் 18 அன்று பிரஷ்ய அறிவியல் கழகத்தில் படித்தார். ஒரு வாரம் கழித்து, நவம்பர் 25 அன்று, இறுதிச் சமன்பாடுகள். அதே கோட்பாட்டை நோக்கி மறுபக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த கணிதர் ஹில்பர்ட், உங்களைப்போல இவ்வளவு வேகமாக எனக்குக் கணக்குப் போட வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்ற பொருளில் வாழ்த்து எழுதினார். 1913இல் இரண்டு பேர் தாள் தாளாக வியர்த்தது அவருக்கு எப்படித் தெரியும்?

டிசம்பர் 10 அன்று ஐன்ஸ்டீன் பெஸ்ஸோவுக்கு அஞ்சலட்டை எழுதினார். தன் துணிச்சலான கனவுகள் பலித்துவிட்டன, புதனின் நகர்வும் அற்புதமாகப் பொருந்துகிறது என்று சொல்லி, "திருப்தியோடு, ஆனால் நொந்துபோய்" இருக்கும் ஆல்பர்ட் என்று கையெழுத்திட்டிருக்கிறார். அதே சமயம், புதன் பற்றிய அந்த நவம்பர் கட்டுரையில் பெஸ்ஸோவின் பெயர் இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படுகிறது.

ஐன்ஸ்டீன் எழுதியது பெஸ்ஸோவிடம் எப்படிப் போனது?

1914 தொடக்கத்தில் ஐன்ஸ்டீனே அனுப்பிவைத்தார். பெஸ்ஸோ அப்போது கொரிட்சியாவில் இருந்தார். இன்று இத்தாலி எல்லையில் உள்ள ஊர், அன்று ஆஸ்திரிய–ஹங்கேரிப் பேரரசைச் சேர்ந்தது. மிச்சக் கணக்கை முடித்துவிடு என்று நண்பரை உசுப்புவதற்காக அனுப்பியது. பெஸ்ஸோ கொஞ்சம் தொட்டார், முடிக்கவில்லை. எதையும் முடிக்காமல் இழுப்பதில் அவருக்கு நல்ல பெயர் உண்டு. அந்த வசந்தத்தில் ஐன்ஸ்டீன் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார், கோடையில் போர் மூண்டது. அதே ஆண்டு இறுதியில் யொஹான்னஸ் ட்ரோஸ்ட் என்ற டச்சுக்காரர் அந்த 18ஐத் தனியே கண்டுபிடித்து வெளியிட்டுவிட்டார். பழைய தாள்களுக்கு அதன்பின் வேலை இல்லாமல் போயிற்று.

ஐன்ஸ்டீனிடமே இருந்திருந்தால் இது பிழைத்திருக்குமா என்பது சந்தேகம். அச்சானதும் கைப்பிரதியைத் தூக்கிப்போடுவது அவர் பழக்கம். பெஸ்ஸோ எதையும் எறியாதவர். இந்தத் தாள்கள் நம்மிடம் வந்து சேர்ந்ததற்கு அந்த ஒரு குணம்தான் காரணம்.

பெஸ்ஸோவுக்குப் பிறகு?

பெஸ்ஸோ 1955 மார்ச் 15 அன்று இறந்தார். அவர் குடும்பத்துக்கு ஐன்ஸ்டீன் எழுதிய இரங்கல் கடிதம் புகழ்பெற்றது: இந்த விசித்திரமான உலகத்தைவிட்டு என்னைவிடச் சற்று முந்திக்கொண்டுவிட்டான், ஆனால் இயற்பியலை நம்பும் எங்களுக்கு இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற பிரிவு பிடிவாதமான மாயைதான் என்று எழுதினார். ஒரு மாதம் கழிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஏப்ரல் 18 அன்று ஐன்ஸ்டீனும் போய்விட்டார்.

பெஸ்ஸோவின் தாள்கள் அவர் வாரிசுகள் வழியே நகர்ந்தன. இருவரின் கடிதப் போக்குவரத்து 1972இல் நூலாக வந்தது. இந்தக் கணக்குத் தாள்களை ஆய்வாளர்கள் வரி வரியாக அலசி, ஐன்ஸ்டீன் படைப்புத் தொகுப்பின் நான்காம் தொகுதியில் 1995இல் அச்சிட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டே அது ஏலச் சந்தைக்கு வந்தது.

1996க்கும் 2021க்கும் நடுவில் விலை எப்படிப் போனது?

1996இல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் கிட்டத்தட்ட 4 லட்சம் டாலர். 2002இல் மறுபடி அங்கேயே, ஐந்தரை லட்சம் டாலருக்குச் சற்று மேல். அந்த இரண்டாம் விற்பனைக்குப் பின் அது பிரான்ஸின் அரிஸ்தோஃபில் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2021இல் மதிப்பீடு 20 முதல் 30 லட்சம் யூரோ. ஏலம் 15 லட்சத்தில் தொடங்கி, கடைசியில் தொலைபேசியில் இருந்த இரண்டு பேர் மாறி மாறி ஏற்றிக்கொண்டே போய், கட்டணங்கள் உட்பட 1 கோடியே 16 லட்சத்தில் நின்றது.

ஏலச் செய்திகளில் வரும் தொகையைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஏலம் முடிந்து சுத்தியல் விழும் விலை வேறு. வாங்குபவர் அதற்கு மேல் ஏலக் கம்பெனிக்குக் கமிஷன் கட்டுகிறார். பத்திரிகைகள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்த தொகையைத்தான் போடும். விற்றவர் கைக்கு அது முழுதாகப் போவதில்லை.

அரிஸ்தோஃபில் என்பது என்ன?

இந்தக் கைப்பிரதியின் உரிமை வரலாற்றில் இதுதான் பெரிய அத்தியாயம், இயற்பியலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

1990இல் ழெரார் லெரித்தியே என்பவர் தொடங்கிய நிறுவனம். எழுத்தாளர்கள், அறிஞர்கள், அரசர்கள் எழுதிய கடிதங்களையும் கைப்பிரதிகளையும் வாங்கிக் குவித்தது. கடைசியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் சேர்ந்தன. பாரிஸில் கடிதங்களுக்கும் கைப்பிரதிகளுக்கும் என்றே ஓர் அருங்காட்சியகம் நடத்தியது. உலகின் பழைய காகிதச் சந்தையில் அந்த ஆண்டுகளில் விலையைத் தூக்கிவிட்டதே இவர்கள்தான் என்று வியாபாரிகள் சொல்வதுண்டு.

பணம் எங்கிருந்து வந்தது? பொதுமக்களிடமிருந்து. ஒரு கைப்பிரதியை அல்லது ஒரு தொகுப்பைப் பங்கு பங்காகப் பிரித்து விற்பார்கள். வாங்கியவர் அந்தத் தாளுக்குக் கூட்டு உரிமையாளர். காகிதம் நிறுவனத்திடமே பத்திரமாக இருக்கும், சில ஆண்டு கழித்து நிறுவனம் அதைக் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. ஆண்டுக்கு 8 சதவீத அளவில் லாபம் என்று பேச்சு. வங்கி வட்டி தேய்ந்துகொண்டிருந்த காலம். ஓய்வு பெற்றவர்கள், சிறு வியாபாரிகள் எனச் சுமார் 18,000 பேர் சேர்ந்தார்கள். மொத்தம் 80 கோடி யூரோவுக்கு மேல். ஐன்ஸ்டீன்–பெஸ்ஸோ கைப்பிரதி இந்த அடுக்கில் எல்லோருக்கும் காட்டப்பட்ட நகை.

ஒரு சிக்கல் இதில் எப்போதும் உண்டு. உலகில் ஒன்றே ஒன்று இருக்கும் பொருளுக்குச் சந்தை விலை என்று எதைச் சொல்வது? விற்பவரே மதிப்பீட்டையும் சொன்னால், வாங்குபவர் ஒப்பிட்டுப் பார்க்க இடமே இல்லை. சிட்பண்ட் மோசடி போல, புதிய பணம் வரும்வரை ஓடும், வரத்து நின்றால் அன்றே தெரிந்துவிடும்.

2014 நவம்பரில் பிரெஞ்சுப் போலீஸ் நிறுவனத்தின் அலுவலகங்களில் சோதனை நடத்தியது. 2015 மார்ச்சில் லெரித்தியே மீது மோசடிப் புகாரில் முறைப்படி விசாரணை தொடங்கியது. அவர் குற்றத்தை மறுத்தார். அதே ஆண்டு நிறுவனம் திவாலாகிக் கலைக்கப்பட்டது, அருங்காட்சியகமும் மூடப்பட்டது. கதையில் வேடிக்கை ஒன்று: 2012இல் இதே மனிதருக்கு யூரோ மில்லியன்ஸ் லாட்டரியில் சுமார் 17 கோடி யூரோ பரிசு விழுந்திருந்தது.

அப்படியானால் 2021இல் விற்றது யார்?

நீதிமன்ற ஏற்பாட்டின்படி, அரிஸ்தோஃபில் சேர்த்துவைத்த மலையை மெல்ல மெல்ல ஏலம் விடும் பொறுப்பு பிரான்ஸின் அகூத் ஏல நிறுவனத்துக்கு வந்தது. 2017 டிசம்பரில் தொடங்கி, பல ஆண்டுகள் பல ஏலங்களாக நடந்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சந்தையில் கொட்டினால் விலை படுத்துவிடும் என்பதால்தான் இந்த நிதானம். ஐன்ஸ்டீன்–பெஸ்ஸோ கைப்பிரதிக்கு மட்டும் அகூத் சார்பில் கிறிஸ்டீஸ் ஏலம் நடத்தியது.

போட்ட பணம் அந்த மக்களுக்குக் கிடைத்ததா?

கூட்டு உரிமையில் இருந்த பொருள் விற்றால், செலவு போக மீதி அந்தப் பொருளின் பங்குதாரர்களுக்குப் போகும். இந்தக் கைப்பிரதி எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு போனது. ஆனால் மொத்தச் சேகரிப்பில் இது விதிவிலக்கு. பெரும்பாலான பொருள்கள், பங்கு விற்றபோது சொன்ன விலையில் சிறு பகுதியைத்தான் எட்டின. ஒரு லட்சம் போட்டவருக்குப் பத்தாயிரம் வந்தால் பெரிது என்ற நிலையே பலருக்கு.

பிரான்ஸ் அரசு இதைத் தடுத்து எடுத்துக்கொள்ளவில்லையா?

அப்படி ஒரு வழி அங்கே உண்டு. ஒரு கைப்பிரதியைத் தேசியப் புதையல் என்று அறிவித்தால் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது, அரசுக்கு வாங்க அவகாசம் கிடைக்கும். இதே அரிஸ்தோஃபில் சேகரிப்பிலிருந்து மார்க்கீஸ் த சாட் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் சிறையில் எழுதிய சுருள் ஒன்று 2017இல் அப்படி அறிவிக்கப்பட்டு, 2021இல் அரசால் 45 லட்சம் யூரோவுக்குச் சற்று மேல் வாங்கப்பட்டது. சூரிச்சில் ஜெர்மன் மொழியில் எழுதிய ஐன்ஸ்டீன் தாளைப் பிரெஞ்சுப் புதையல் என்று சொல்வது கொஞ்சம் கடினம்தான்.

வாங்கியவர் யார்?

ஏலத்தன்று பெயர் அறிவிக்கப்படவில்லை. இந்த அளவு ஏலங்களில் அதுதான் வழக்கம்.

ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்குத்தானே ஐன்ஸ்டீன் எல்லாவற்றையும் எழுதிவைத்தார்? அவர்கள் கேட்க முடியாதா?

1950இல் எழுதிய உயிலில், தன் தாள்களும் அவற்றின் பதிப்புரிமையும் கடைசியில் அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சேர வேண்டும் என்று சொல்லியிருந்தார். பிரின்ஸ்டனில் இருந்த தாள்கள் 1982இல் ஜெருசலேம் போயின. ஆனால் உயிலில் தனக்குச் சொந்தமானதைத்தான் எழுதிவைக்க முடியும். 1914இல் நண்பருக்கு அனுப்பிய கட்டு அதில் சேராது. ஒருவருக்குக் கடிதம் எழுதி அனுப்பினால் காகிதம் பெற்றவருக்குச் சொந்தம், வாசகங்களை அச்சிடும் உரிமை எழுதியவரிடம். இதுவும் அதே கணக்குத்தான். பல கோடி கொடுத்து ஏலத்தில் எடுத்தவருக்குக் கிடைப்பது தாள் மட்டும். பதிப்புரிமை கூடவே வராது.

1905 கட்டுரையின் மூலப்பிரதி எங்கே இருக்கிறது?

எங்கும் இல்லை. அச்சானதும் போய்விட்டது. வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஐன்ஸ்டீன் கையால் எழுதிய அந்தக் கட்டுரை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் அது 1943இல் எழுதியது. போர் நிதிப் பத்திரங்களை விற்பதற்கு உதவ ஒரு கைப்பிரதி தாருங்கள் என்று அவரிடம் கேட்டார்கள். மூலம் இல்லையே என்ன செய்வது? செயலாளர் ஹெலன் டூகாஸ் அச்சான கட்டுரையை வாசிக்க வாசிக்க, ஐன்ஸ்டீன் உட்கார்ந்து கையால் எழுதினார். நடுவில் ஓரிடத்தில், இதை நான் இன்னும் எளிதாகச் சொல்லியிருக்கலாமே என்று அலுத்துக்கொண்டாராம்.

1944 பிப்ரவரியில் கான்சாஸ் நகரில் ஏலம். ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 65 லட்சம் டாலர் சொல்லி எடுத்து, பின்பு நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த 65 லட்சத்தை விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தொகைக்குப் போர்ப் பத்திரம் வாங்குகிறோம் என்ற வாக்குறுதி அது. பத்திரத்துக்கு அரசு பிறகு வட்டியோடு பணம் தரும்.

'இ = எம்சி வர்க்கம்' எழுதியிருக்கும் கைப்பிரதி இதுதானா?

இல்லை, அது வேறு. 1912இல், எரிக் மார்க்ஸ் என்பவர் தொகுத்த கையேடு ஒன்றுக்காகச் சிறப்புச் சார்பியல் பற்றி ஐன்ஸ்டீன் 72 பக்கம் எழுதினார். போரும் மற்றத் தாமதங்களும் சேர்ந்து, அது அச்சாகவே இல்லை. அச்சாகாததால்தான் பிழைத்தது. அதில் புகழ்பெற்ற சமன்பாட்டின் முன்பகுதியில் 'எல்' என்ற எழுத்து அடிக்கப்பட்டு 'இ' மட்டும் நிற்கிறது. ஆற்றலுக்கு எந்த எழுத்தை வைப்பது என்று பேனா தயங்கிய இடம் அது.

அது 1987இல் நியூயார்க் சோதபிஸ் ஏலத்தில் சுமார் 12 லட்சம் டாலருக்குப் போனது. 1996இல் மறுபடி ஏலத்துக்கு வந்தபோது 33 லட்சம்வரை கேட்டும், விற்பவர் மனதில் வைத்திருந்த விலை வராததால் கைமாறவில்லை. பிற்பாடு ஓர் அறக்கட்டளை வாங்கி ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. அதே நகரில் ஹீப்ரு பல்கலைக்கழகத்திடம், பொதுச் சார்பியலை முழுமையாக விளக்கும் 46 பக்கக் கைப்பிரதி ஒன்று இருக்கிறது. 1925இல் பல்கலைக்கழகம் திறந்தபோது ஐன்ஸ்டீனே கொடுத்தது. அதற்கு ஏல விலையே கிடையாது, விற்பனைக்கு வந்ததே இல்லை.

பெஸ்ஸோ கைப்பிரதிதான் உலகிலேயே விலை அதிகமான அறிவியல் தாளா?

ஐன்ஸ்டீன் கைப்பிரதிகளில் அது சாதனை. மொத்தத்தில் என்றால் லியொனார்டோ டா வின்சியின் குறிப்பேடு ஒன்று முன்னால் நிற்கிறது. 1994இல் பில் கேட்ஸ் அதை 3 கோடியே 8 லட்சம் டாலருக்கு வாங்கினார். நீரோட்டம் பற்றியெல்லாம் அதில் இருப்பதால் அதையும் அறிவியல் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

ஐன்ஸ்டீனின் மற்றத் தாள்கள் எந்த உயரத்தில் போகின்றன என்று பார்த்தால் வேறுபாடு புரியும். கடவுள் பற்றி அவர் எழுதிய கடிதம் 2018இல் 29 லட்சம் டாலர். அந்தச் சமன்பாடு இடம்பெற்ற ஒரு கடிதம் 2021 மே மாதம் 12 லட்சம். டோக்கியோ ஹோட்டலில் செய்தி கொண்டுவந்த ஆளுக்குச் சில்லறைக்குப் பதிலாக எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டு 2017இல் 15 லட்சத்துக்கு மேல். இந்த வரிசையில் பார்த்தால் 54 பக்கக் கணக்கு மலிவு என்றுகூட வாதாடலாம்.

இது போலி இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

சங்கிலி அறுபடவில்லை என்பதுதான் முதல் காரணம். எழுதியவரிடமிருந்து பெஸ்ஸோ, அங்கிருந்து அவர் வாரிசுகள், அதன்பின் பகிரங்க ஏலங்கள். எந்த இடத்திலும் "யாரோ ஒருவர் பரணில் கண்டெடுத்தார்" என்ற கதை இல்லை. இரண்டாவது, அந்தக் காலத்துக் கடிதங்களில் இவர்கள் பேசிக்கொள்ளும் கணக்கு இதில் அப்படியே நடக்கிறது. மூன்றாவது, பொது அறிவு: போலி செய்கிறவன் 43 வரவைப்பானா, 1821 வரவைப்பானா?

பணம் இல்லாதவர்கள் இதைப் பார்க்க வழி உண்டா?

தாராளமாக. நான்காம் தொகுதியில் கைப்பிரதியின் நிழற்பட நகலும் அச்செழுத்து வடிவமும் விளக்கக் குறிப்புகளும் இருக்கின்றன. ஐன்ஸ்டீன் படைப்புத் தொகுப்பின் தொகுதிகளைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2014 டிசம்பர் முதல் இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது. ஜெர்மன் தெரியாவிட்டாலும் சமன்பாடுகளைப் பின்தொடரலாம். முதலிலிருந்து தொடங்கினால் அலுத்துவிடும். கைப்பிரதியின் 28ஆம் பக்கத்துக்கு நேராகப் போங்கள், அந்த 1821 அங்கேதான் இருக்கிறது.